ஒரு வினைச்சொல்லும் அதன் சுற்றமும்: ‘அரேஞ்ச்’ என்ற சொல்லைக் கற்பது பற்றி

ஆங்கில வழியில் படிக்கும் குழந்தை ‘அரேஞ்ச்’ என்ற சொல்லைப் பெரும்பாலும் கணக்குப் பாடத்தில்தான் முதலில் பார்க்கிறது. ஐந்தாறு எண்களைக் கொடுத்து ஏறுவரிசையில் எழுதச் சொல்லும் கணக்கு அந்தச் சொல்லோடுதான் தொடங்கும். பத்தாம் வகுப்பு ஆங்கிலத் தேர்வில் அதுவே ‘ரீஅரேஞ்ச்’ என்று வரும். முன்பின்னாகக் கலைத்துக் கொடுத்த வாக்கியங்களைக் கோவையாக எழுத வேண்டும். வீட்டில் பணம், வண்டி, மண்டபம், சமையல்காரர் என்று எதற்கும் ‘அரேஞ்ச் பண்ணியாச்சா?’ என்று பெரியவர்கள் கேட்டுக்கொள்கிறார்கள். பள்ளிப் படிப்பு முடியும்போது இந்தச் சொல்லை அறியாத மாணவர் எவரும் இருக்க மாட்டார்.

ஆனால் ‘அப்பா டாக்டரைப் பார்க்க ஏற்பாடு செய்தேன்’ என்பதை ஆங்கிலத்தில் எழுதச் சொன்னால் பலருக்குப் பேனா நின்றுவிடுகிறது. நிற்காமல் எழுதுபவர்களில் பலர் ‘ஐ அரேஞ்ச்டு மை ஃபாதர் டு மீட் தி டாக்டர்’ என்று எழுதுகிறார்கள். ‘அரேஞ்ச்டு’ என்பதை அடுத்து வர வேண்டிய ‘ஃபார்’ விடுபட்டுப்போகிறது.

பொருள் தெரிந்த சொல்லைப் பயன்படுத்த முடியாமல் போவது ஏன்? மொழியாசிரியர்களும் அகராதி தொகுத்தவர்களும் மொழியியலாளர்களும் ஏறத்தாழ நூறாண்டாக ஆராய்ந்துவரும் கேள்வி இது. இதற்குக் கிடைத்த முக்கியமான விடைகளில் பல, லண்டனில் பிறந்தவை அல்ல. டாக்காவிலும் டோக்கியோவிலும் பெங்களூரிலும் சென்னையிலும் ஆங்கிலத்தை அயல்மொழியாகக் கற்ற மாணவர்களின் வகுப்பறைகளிலிருந்து வந்தவை. அவற்றை ஒன்றாக வைத்துப் பார்க்கும்போது, நம் பள்ளிகளில் ஆங்கில வினைச்சொற்களைக் கற்பிக்கும் முறையில் எது குறைகிறது என்பது தெளிவாகிறது.

ஒரு சொல், பல வேலை

‘அரேஞ்ச்’ பழைய பிரெஞ்சு மொழியிலிருந்து 14ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்கு வந்தது. வரிசை என்று பொருள்படும் சொல் அதன் வேர். போர்க்களத்தில் படையை அணிவகுத்து நிறுத்துவதைக் குறிக்கவே முதலில் பயன்பட்டது. பின்னர் நெடுங்காலம் அரிய சொல்லாகவே கிடந்தது. 1611இல் வெளிவந்த ஆங்கில பைபிள் மொழிபெயர்ப்பில் அது இல்லை. 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான், எந்தப் பொருளையும் ஒழுங்காக வைப்பது என்ற பொதுப் பொருளில் பரவியது. அதே காலத்தில் பேசி முடிவுசெய்வது, முன்கூட்டியே ஏற்பாடு செய்வது என்ற பொருள்களும் சேர்ந்தன. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், ஓர் இசையை வேறு கருவிகளுக்கோ குரல்களுக்கோ ஏற்றபடி அமைப்பதையும் அது குறிக்கத் தொடங்கியது.

இன்றைய ஆங்கிலத்தில் இச்சொல்லின் ஆட்சியை முதன்மையாக நான்கு அமைப்புகளில் அடக்கலாம். முதலாவது, கண்ணெதிரே இருக்கும் பொருளைக் கையால் அடுக்குவது. ‘அரேஞ்ச் தி புக்ஸ்’ என்று செயப்படுபொருள் உடனே வரும். எந்த முறையில் அடுக்குவது என்று சொல்ல வேறு சில சொற்கள் வேண்டும். அகரவரிசை என்றால் ‘இன் ஆல்ஃபபெட்டிக்கல் ஆர்டர்’, தேதிப்படி என்றால் ‘பை டேட்’, வட்டமாக என்றால் ‘இன் எ சர்க்கிள்’. ‘இன்’ வர வேண்டிய இடத்தில் ‘பை’ வந்தால் வாக்கியம் இடறும்.

இரண்டாவது அமைப்பு பார்வைக்கு முதலாவதைப் போலவே இருக்கும்: ‘அரேஞ்ச் எ மீட்டிங்’. உள்ளே இருக்கும் வேறுபாடு பெரிது. நாற்காலிகள் அடுக்குவதற்கு முன்பே அங்கே இருக்கின்றன. கூட்டமோ ஏற்பாடு செய்த பிறகுதான் உருவாகிறது. நேர்காணல், பயணம், கடன், கண்காட்சி போன்றவை இந்த வகையில் வரும்.

மூன்றாவது, தானே செய்யப்போகும் செயலை முடிவுசெய்வது. ‘வீ அரேஞ்ச்டு டு மீட் அட் சிக்ஸ்’ என்றால் ஆறு மணிக்குச் சந்திப்பதாகப் பேசி வைத்துக்கொண்டோம் என்று பொருள். இன்னொருவரோடு பேசி வைத்ததைச் சொல்ல ‘வித்’ வேண்டும்.

நான்காவதுதான் நம் மாணவர்கள் தடுக்கி விழும் இடம். இன்னொருவர் ஒன்றைச் செய்வதற்கு வழிசெய்யும்போது, அந்த இன்னொருவருக்கு முன்னால் ‘ஃபார்’ கட்டாயம் வரும்: ‘ஐ அரேஞ்ச்டு ஃபார் மை ஃபாதர் டு மீட் தி டாக்டர்’. ‘தட்’ என்று தொடங்கும் துணைவாக்கியத்தோடு வரும் ஐந்தாவது அமைப்பு ஒன்றும் உண்டு. அது பெரும்பாலும் முறையான எழுத்தில்தான் வரும்.

இவை தவிர, இச்சொல் பெயரடையாகவும் செய்பவரைக் குறிக்கும் பெயராகவும் நமக்குப் பழக்கமானது. திரைப்பட இசைக்கூடங்களில் ‘அரேஞ்சர்’ என்ற பணிப்பெயர் உண்டு. ஏ.ஆர். ரகுமானின் தந்தை ஆர்.கே. சேகர் இசையமைப்பாளராக இருந்ததோடு, பிற இசையமைப்பாளர்களுக்கு அரேஞ்சராகவும் பணியாற்றியவர். பெற்றோர் பார்த்து முடிக்கும் திருமணத்தை உலகமே ‘அரேஞ்ச்டு மேரேஜ்’ என்று சொல்கிறது. இந்தியப் பேச்சில் அதன் நடுவிலுள்ள ‘டு’ ஒலி பெரும்பாலும் மறைந்து ‘அரேஞ்ச் மேரேஜ்’ ஆகிவிடுகிறது. காதில் விழாத அந்த ஒலி எழுத்திலும் விடுபடுகிறது.

தமிழில் இந்த வேலைகளுக்குத் தனித்தனிச் சொற்கள் இருக்கின்றன. புத்தகத்தை அடுக்குகிறோம், எண்களை வரிசைப்படுத்துகிறோம், கூட்டத்துக்கு ஏற்பாடு செய்கிறோம், இசையை அமைக்கிறோம். தமிழில் வேறுபாட்டை வினைச்சொல்லே சுமக்கிறது. ஆங்கிலத்திலோ வினை ஒன்றே. வேறுபாட்டைச் சுமப்பது அதைத் தொடர்ந்து வரும் சொற்கள். ‘அரேஞ்ச்’ என்றால் ‘ஒழுங்குபடுத்து’ என்று ஒரே ஒரு பொருளை நோட்டில் எழுதிக்கொள்ளும் மாணவருக்கு, அடுத்து என்ன வரும் என்று கவனிக்க வேண்டும் என்பதே தெரியாமல் போகிறது.

பிழையின் வேர்

‘ஃபார்’ விடுபடுவதற்குத் தாய்மொழிதான் காரணமா? 1950களில் இந்தக் கேள்விக்கு ‘ஆம்’ என்றுதான் பதில் வந்திருக்கும். அமெரிக்க மொழியியலாளர் ராபர்ட் லாடோ 1957இல் வெளியிட்ட நூலில், தாய்மொழியையும் கற்கும் மொழியையும் ஒப்பிட்டால் எங்கே சிக்கல் வரும் என்று முன்கூட்டியே கணிக்கலாம் என்று வாதிட்டார்.

நம் எடுத்துக்காட்டுக்கு அந்த வாதம் நன்றாகவே பொருந்துகிறது. ‘அப்பா டாக்டரைப் பார்க்க ஏற்பாடு செய்தேன்’ என்ற வாக்கியத்தில் பார்ப்பவர் அப்பா, ஏற்பாடு செய்பவர் நான். ‘பார்க்க’ என்ற செய என்னும் வாய்பாட்டு வினையெச்சம், முற்றுவினையின் எழுவாயிலிருந்து வேறுபட்ட தனி எழுவாயை எளிதாக ஏற்கும். ‘மழை பெய்யப் பயிர் வளர்ந்தது’ என்பதும் இதே அமைப்புதான். இரண்டையும் இணைக்கத் தனி இடைச்சொல் எதுவும் தேவையில்லை. ஆங்கிலத்தில் ‘டு’ சேர்ந்த எச்சம் தனக்கென்று ஓர் எழுவாயை வைத்துக்கொள்ள வேண்டுமானால் பொதுவாக ‘ஃபார்’ துணை வேண்டும். தமிழ் மனத்துக்கு அந்தத் துணையின் தேவை தோன்றுவதில்லை.

ஆனாலும் இது பாதி விடைதான். தமிழ் அறியாத நாடுகளிலும் மாணவர்கள் இதே பிழையைச் செய்கிறார்கள். சில கற்போர் அகராதிகள் இதற்கென்றே தனி எச்சரிக்கை தருகின்றன. பிரிட்டனைச் சேர்ந்த பிட் கார்டர் 1967இலும், லாரி செலிங்கர் 1972இலும் எழுதிய கட்டுரைகள் பார்வையை மாற்றின. கற்பவர் செய்யும் பிழை கவனக்குறைவின் அடையாளம் என்று பார்ப்பதை அவர்கள் விட்டார்கள். மாணவர் தமக்குள் ஒரு விதியை அமைத்துக்கொண்டு அதன்படி நடக்கிறார் என்பதற்கான சான்றாக அதைப் பார்த்தார்கள். ‘ஆஸ்க்’, ‘டெல்’, ‘வான்ட்’ ஆகிய மூன்றையும் மாணவர் முன்பே கற்றுவிடுகிறார். ‘ஆஸ்க் ஹிம் டு கம்’, ‘டெல் ஹிம் டு கம்’, ‘வான்ட் ஹிம் டு கம்’ எல்லாம் சரியான ஆங்கிலம். ஆகவே ‘அரேஞ்ச் ஹிம் டு கம்’ என்பதும் சரியாகத்தான் இருக்கும் என்று முடிவுக்கு வருகிறார். அவருடைய சிந்தனை ஒழுங்கானது. அவருக்குத் தெரியாதது, இந்த வினை அந்தக் கூட்டத்தைச் சேர்ந்ததில்லை என்பது மட்டுமே. அந்தத் தகவலை அவருக்கு யாராவது கொடுத்தாக வேண்டும்.

டாக்காவும் டோக்கியோவும்

அந்தத் தகவலை யார் கொடுப்பது, எப்படிக் கொடுப்பது என்பதற்கான தேடல் இந்தியத் துணைக்கண்டத்தில் தீவிரமாக நடந்தது. இந்தியக் கல்விப் பணியில் இருந்த மைக்கேல் வெஸ்ட், டாக்காவில் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் பணியாற்றியவர். வங்காளி மாணவர்கள் ஆங்கில நூல்களைப் படித்துப் புரிந்துகொள்ளத் திணறுவதை அருகிலிருந்து கண்டு, 1926இல் இருமொழியம் பற்றிய தமது ஆய்வை வெளியிட்டார். பாடநூல்களில் அரிய சொற்கள் மலிந்திருப்பதே தடை என்று கண்டு, அடிக்கடி வரும் சொற்களை மட்டும் முதலில் கொடுக்கும் வாசிப்பு நூல்களை எழுதினார். ஜேம்ஸ் எண்டிகாட்டுடன் சேர்ந்து 1935இல் அவர் வெளியிட்ட அகராதி, 1,490 எளிய சொற்களைக் கொண்டே ஏறத்தாழ 24,000 சொற்களையும் தொடர்களையும் விளக்கியது. 1953இல் வந்த அவரது அடிப்படைச் சொற்பட்டியலில் ஏறத்தாழ 2,000 தலைச்சொற்கள் இருந்தன. ஒவ்வொரு சொல்லின் எந்தப் பொருள் எவ்வளவு வருகிறது என்ற விழுக்காடும் தரப்பட்டிருந்தது. ‘அரேஞ்ச்’ அந்தப் பட்டியலில் இடம்பெற்ற சொல்.

இதற்கு நேர்மாறான ஒரு திட்டமும் அதே காலத்தில் எழுந்தது. இங்கிலாந்தில் சி.கே. ஆக்டன் 1930இல் ‘பேசிக் இங்கிலீஷ்’ என்ற 850 சொல் ஆங்கிலத்தை முன்வைத்தார். அதில் வினையாக இயங்கும் சொற்கள் 18 மட்டுமே. ‘அரேஞ்ச்’ அந்தப் பட்டியலில் இல்லை. அதன் இடத்தில் ‘புட் இன் ஆர்டர்’ என்று சொல்லிக்கொள்ளலாம். 1943இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் பேசிய வின்ஸ்டன் சர்ச்சில் இத்திட்டத்தை வெளிப்படையாக ஆதரித்தார். சொற்கள் குறைந்தால் சுமை குறையும் என்ற எண்ணம் எவரையும் கவரக்கூடியது. நடைமுறை வேறாக இருந்தது. ‘புட்’ என்ற ஒரே வினை ‘ஆன்’, ‘ஆஃப்’, ‘அப்’, ‘அவுட்’, ‘அவே’ என்று ஒவ்வொன்றோடும் சேர்ந்து வெவ்வேறு பொருள் தருகிறது. ஒரு வினையைக் கற்கும் வேலை மிச்சமாகி, பல சேர்க்கைகளைக் கற்கும் வேலை கூடியது. வெஸ்ட் இத்திட்டத்தைக் கடுமையாக விமர்சித்தார். ஆங்கிலத்தின் கடினம் சொற்களின் எண்ணிக்கையைவிட அவற்றின் சேர்க்கையில்தான் அதிகம் இருக்கிறது என்பதை பேசிக் இங்கிலீஷின் அனுபவம் காட்டியது.

சேர்க்கையையே நேரடியாகக் கற்பிக்க முடியும் என்று காட்டியவர்கள் டோக்கியோவில் இருந்தார்கள். 1922இல் ஜப்பான் சென்ற ஹரால்டு பால்மர், மறு ஆண்டே அங்கு ஆங்கிலப் பயிற்றுமுறை ஆய்வு நிறுவனத்தைத் தொடங்கினார். அவரோடு இணைந்து உழைத்தவர் ஏ.எஸ். ஹார்ன்பி. ஜப்பானிய மாணவர்களுக்குச் சொற்பொருள் தெரிந்திருந்தும் வாக்கியம் அமைக்க முடியாததைக் கண்ட இவர்கள், ஆங்கில வினைகள் எந்தெந்த அமைப்பில் வரும் என்று வகைப்படுத்தினார்கள். ஹார்ன்பி, கேட்டன்பி, வேக்ஃபீல்டு ஆகிய மூவரும் தொகுத்த அகராதி 1942இல் டோக்கியோவில் வெளிவந்தது. அதில் 25 வினை அமைப்புகள் வரிசையெண்ணோடு தரப்பட்டன. ஒவ்வொரு வினைக்கும் எதிரே அது ஏற்கும் அமைப்பின் எண் இருந்தது. ‘வான்ட்’ எந்தக் கூட்டம், ‘அரேஞ்ச்’ எந்தக் கூட்டம் என்று ஒரு மாணவர் தாமே பார்த்து அறிய முடிந்தது. ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழக அச்சகம் 1948இல் இதை மறுபதிப்பாகக் கொண்டுவந்தது. நம் கல்லூரி மாணவர்கள் பலரின் மேசையில் இருக்கும் ஆக்ஸ்ஃபோர்டு கற்போர் அகராதியின் மூதாதை இதுவே.

கணினி காட்டிய வரிசை

ஹார்ன்பி நம்பியது தமது மொழியறிவையும் வாசிப்பையும். 1980களில் பர்மிங்காம் பல்கலைக்கழகத்தில் ஜான் சின்க்ளேர் தலைமையில் ஒரு குழு, காலின்ஸ் பதிப்பகத்தோடு சேர்ந்து, நடைமுறையில் எழுதப்பட்ட, பேசப்பட்ட ஆங்கிலத்தைக் கணினியில் ஏற்றியது. ஏறத்தாழ இரண்டு கோடி சொற்கள் கொண்ட அந்தத் தொகுப்பை வைத்து 1987இல் கோபில்டு அகராதி வெளிவந்தது. ஒரு சொல் வரும் வாக்கியங்களையெல்லாம் வரிக்கு வரி அடுக்கிப் பார்த்தபோது, எந்தச் சொல் எதனோடு சேர்ந்து வருகிறது என்பது கண்ணுக்குத் தெரிந்தது. பேசுபவர்கள் ஒவ்வொரு சொல்லாகத் தேர்ந்தெடுத்து வாக்கியம் கட்டுவது குறைவு. பாதி தயாராக இருக்கும் தொடர்களை எடுத்துப் பயன்படுத்துவதே அதிகம் என்ற முடிவுக்கு சின்க்ளேர் வந்தார்.

பொருள்களின் வரிசையும் மாறியது. இன்றைய ஆக்ஸ்ஃபோர்டு, லாங்மன் கற்போர் அகராதிகளைத் திறந்தால், ‘அரேஞ்ச்’ சொல்லுக்கு முன்கூட்டித் திட்டமிட்டு ஏற்பாடு செய்வதே முதற்பொருளாக இருக்கும். அடுக்கி வைப்பது அதற்கு அடுத்துத்தான் வருகிறது. நம் பள்ளிகள் கற்பிக்கும் வரிசை இதற்குத் தலைகீழானது. எண்களையும் வாக்கியங்களையும் வரிசைப்படுத்தும் பொருளில் அந்தச் சொல்லைத் திரும்பத் திரும்பக் காட்டுகிறோம். வேலைக்குப் போனதும் தேவைப்படும் ஏற்பாட்டுப் பொருளை, அதற்குரிய ‘ஃபார்’, ‘டு’, ‘வித்’ ஆகியவற்றோடு முறையாகக் கற்பிப்பதில்லை.

கோபில்டு குழுவைச் சேர்ந்த ஜில் ஃபிரான்சிஸ், சூசன் ஹன்ஸ்டன், எலிசபெத் மேனிங் ஆகியோர் 1996இல் வினை அமைப்புகள் பற்றி ஒரு பெருநூலை வெளியிட்டார்கள். ஒரே அமைப்பில் வரும் வினைகள் பொருளிலும் உறவுடையவையாக இருக்கின்றன என்பது அந்த ஆய்வின் முக்கியமான கண்டுபிடிப்பு. ‘ஃபார்’ வந்து, ஆள் வந்து, ‘டு’ வரும் அமைப்பை எடுத்துக்கொண்டால், ‘அரேஞ்ச்’ சொல்லோடு ‘வெயிட்’, ‘லாங்’ போன்றவையும் அங்கே நிற்கின்றன. காத்திருப்பது, ஏங்குவது, ஏற்பாடு செய்வது எல்லாமே இன்னும் நடக்காத ஒன்றை நோக்கியவை. ‘வெயிட் ஃபார்’ என்பது தமிழ் மாணவர்களுக்கு நன்கு பழகிய தொடர். ‘வெயிட் ஃபார் ஹிம் டு கம்’ என்பதைச் சொல்லத் தெரிந்தவருக்கு ‘அரேஞ்ச் ஃபார் ஹிம் டு கம்’ என்பதைச் சொல்லிக்கொடுக்க ஒரு நிமிடம் போதும். ‘வான்ட்’ கூட்டத்திலிருந்து எடுத்து ‘வெயிட்’ கூட்டத்தில் சேர்த்துவிட்டால் பிழைக்கான காரணமே மறைந்துவிடும்.

வகுப்பறையில் நடந்தவை

ஆய்வுகள் கண்டதை வகுப்பறைக்குக் கொண்டுவரும் முயற்சியில் தமிழ்நாட்டுக்கும் பங்கு உண்டு. 1950களில் வாக்கிய அமைப்புகளை எளிதிலிருந்து கடினத்துக்கு வரிசைப்படுத்திக் கற்பிக்கும் முறை இந்தியாவில் பரவியது. 1958இல் ஹைதராபாத்தில் மத்திய ஆங்கில நிறுவனம் தொடங்கப்பட்டது. அந்தக் காலத்திலேயே சென்னை மாநிலத்தில் 27,000 ஆசிரியர்களுக்கு இந்த முறையில் பயிற்சியளிக்கும் ஒரு பெருந்திட்டம் நடந்தது. முதலில் பயிற்சி பெற்ற சிலர் பலருக்கும், அந்தப் பலர் மேலும் பலருக்கும் கற்றுக்கொடுப்பது அதன் வழிமுறை. ஆங்கிலம் கற்பித்தல் வரலாற்றில் அது ‘மெட்ராஸ் ஸ்நோபால்’ என்ற பெயரில் பேசப்படுகிறது.

அந்த முறையில் மாணவர்கள் வாக்கிய அமைப்புகளை வாய்விட்டுச் சொல்லிப் பழகினார்கள். ஆனால் சொல்ல வேண்டிய தேவை எதுவும் இல்லாமலே சொன்னார்கள். இந்தக் குறையை எதிர்கொண்டவர் என்.எஸ். பிரபு. சென்னையில் பிரிட்டிஷ் கவுன்சிலில் பணியாற்றிய அவர், 1979 முதல் 1984 வரை பெங்களூரிலும் சென்னையிலும் சில பள்ளிகளில் ஒரு சோதனையை நடத்தினார். இலக்கணத்தைத் தனியாகக் கற்பிக்காமல், ரயில் கால அட்டவணையைப் பார்த்து எந்த வண்டியில் ஏறினால் எப்போது போய்ச் சேரலாம் என்று கணக்கிடுவது, வரைபடத்தில் வழி கண்டுபிடிப்பது போன்ற பணிகளை ஆங்கிலத்தில் கொடுத்தார். பணியில் மனம் ஈடுபடும்போது மொழி தானாகப் படியும் என்பது அவர் நம்பிக்கை. பெங்களூர்த் திட்டம் என்று உலகமே அறிந்த இந்தச் சோதனையை ஆலன் டேவிஸும் ஆலன் பெரெட்டாவும் மதிப்பிட்டு 1985இல் முடிவை வெளியிட்டார்கள். இலக்கண அமைப்புத் தேர்வில் பழைய முறை மாணவர்களும், பணி சார்ந்த தேர்வில் பிரபுவின் மாணவர்களும் மேலாக இருந்தார்கள். எந்த முறைக்கும் சாயாத பொதுத் தேர்வுகளில் பிரபுவின் மாணவர்கள் பெரும்பாலும் நன்றாகச் செய்தார்கள்.

கனடாவிலிருந்து வந்த சான்று இன்னொரு பக்கத்தைக் காட்டியது. அங்கே ஆங்கிலம் பேசும் குழந்தைகள் பள்ளிப் பாடங்களைப் பிரெஞ்சிலேயே பல ஆண்டுகள் படிக்கும் வகுப்புகள் உண்டு. அவர்கள் பிரெஞ்சைக் கேட்டும் படித்தும் நன்றாகப் புரிந்துகொண்டார்கள். ஆனால் பேசும்போதும் எழுதும்போதும் இலக்கணப் பிழைகள் நீங்கவில்லை. புரிந்துகொள்ளும்போது மனம் பொருளைப் பிடித்துக்கொண்டு சிறு சொற்களைத் தாண்டிப் போய்விடலாம். தானே வாக்கியம் அமைக்கும்போதுதான் எது வர வேண்டும் என்ற கேள்வி எழுகிறது என்று மெரில் ஸ்வெய்ன் 1985இல் வாதிட்டார். ‘ஃபார்’ போன்ற சொல்லுக்கு இது அப்படியே பொருந்தும். அது இல்லாமலும் வாக்கியம் புரிந்துவிடுகிறது. ஆகவே கேட்பதாலும் படிப்பதாலும் மட்டும் அது மனத்தில் பதிவதில்லை.

எத்தனை முறை பார்த்தால் பதியும்? ஸ்டூவர்ட் வெப் 2007இல் ஜப்பானிய மாணவர்களிடம் நடத்திய ஆய்வில், புதிய சொற்களை ஒரு முறை, மூன்று முறை, ஏழு முறை, பத்து முறை என்று வாக்கியங்களில் சந்திக்க வைத்தார். முறை கூடக்கூட அறிவும் கூடியது; ஆனால் ஒரு சொல்லின் எல்லாக் கூறுகளையும் முழுமையாக அறியப் பத்து முறைகூடப் போதாமல் இருக்கலாம் என்று தெரிந்தது. சொல்லை அறிவது என்பதில் அதன் வடிவம், பொருள், ஆட்சி ஆகிய மூன்றும் அடங்கும் என்றும், ஒவ்வொன்றிலும் புரிந்துகொள்ளும் அறிவும் பயன்படுத்தும் அறிவும் வேறுவேறு என்றும் நியூசிலாந்தின் பால் நேஷன் விரிவாக விளக்கியிருக்கிறார்.

தாய்மொழியாகக் கற்கும் குழந்தைக்கும் இது ஒரே நாளில் வருவதில்லை. மைக்கேல் டோமசெல்லோ தம் மகளின் பேச்சை நாட்குறிப்பாகப் பதிவுசெய்து 1992இல் நூலாக வெளியிட்டார். ஒரு வினைக்குத் தெரிந்த அமைப்பைக் குழந்தை உடனே மற்றொரு வினைக்கு மாற்றிப் பயன்படுத்தவில்லை. ஒவ்வொரு வினையையும் அதற்குரிய சொற்களோடு தனித்தனியாகக் கற்றது. பொதுவிதி பின்னரே உருவாகியது. ஆங்கிலக் குழந்தையே வினைக்கு வினை கற்கும்போது, வாரத்தில் சில பாடவேளைகள் மட்டும் ஆங்கிலம் கேட்கும் மாணவர் ஒரே ஒரு சொற்பொருளிலிருந்து எல்லாவற்றையும் தாமே ஊகித்துக்கொள்ள வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை.

இந்திய ஆங்கிலத்தின் இடம்

இதற்கெல்லாம் ஒரு வலுவான மறுப்பு உண்டு. ஆங்கிலம் இங்கிலாந்துக்கு மட்டும் சொந்தமானதா? மொழியியலாளர் பிரஜ் கச்ரு 1980களிலிருந்து வாதிட்டபடி, இந்தியாவிலும் நைஜீரியாவிலும் சிங்கப்பூரிலும் ஆங்கிலம் அந்தந்த மண்ணுக்கேற்ற வடிவங்களைப் பெற்றுவிட்டது. அவற்றையெல்லாம் பிழை என்று தள்ளுவது சரியில்லை.

‘அரேஞ்ச்’ சொல்லுக்கே அப்படி ஓர் இந்திய வடிவம் இருக்கிறது. அலுவலகக் கடிதங்களில் ‘கைண்ட்லி அரேஞ்ச் டு செண்ட் தி டாக்குமெண்ட்ஸ்’ என்று எழுதுவது நெடுநாள் வழக்கம். கடிதம் பெறுபவர் தம் கையாலேயே அனுப்ப வேண்டும் என்று அது கேட்பதில்லை. யார் மூலமாவது அனுப்ப ஏற்பாடு செய்யுங்கள் என்பதே கருத்து. இந்திய அலுவலகங்களில் இந்தத் தொடர் எந்தக் குழப்பமும் தருவதில்லை. அதைப் பிழை என்று அடித்துத் திருத்துவதால் யாருக்கும் பயனில்லை. ஆனால் ‘ஃபார்’ இல்லாமல் ஆளை நேரடியாகப் போட்டு எழுதுவது அப்படி நிலைபெற்ற வழக்கம் அன்று. இந்தியாவில் வெளிவரும் நல்ல ஆங்கில நாளிதழ்களும் நூல்களும் அதை ஏற்பதில்லை. கற்பவருக்கு எது நம் வழக்கு, எது இன்னும் கற்க வேண்டியது என்று பிரித்துச் சொல்வதும் ஆசிரியரின் கடமை. வேலைக்கான விண்ணப்பத்தையோ வெளிநாட்டுக்கான கடிதத்தையோ எழுதப்போகும் மாணவருக்கு அந்தத் தெளிவு தேவை.

செய்யத்தக்கவை

நூறாண்டு ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தால் சில முடிவுகள் உறுதியாகத் தெரிகின்றன. வினைச்சொல்லை அதன் சுற்றத்தோடுதான் கற்பிக்க வேண்டும்: பின்னால் என்ன வரும், இடையில் எந்தச் சிறு சொல் நிற்கும், எந்தப் பெயர்களோடு அது பழகும் என்பதோடு சேர்த்து. ‘அரேஞ்ச் – ஒழுங்குபடுத்து’ என்று எழுதும் நோட்டில் ‘அரேஞ்ச் ஃபார் ஒருவர் டு ஒன்றைச் செய்ய’ என்று எழுதவைப்பதற்கு அதிகப்படியான நேரம் தேவையில்லை. அதே பக்கத்தில் ‘வெயிட் ஃபார்’ தொடரையும் சேர்த்து எழுதினால் இரண்டும் ஒன்றையொன்று நினைவூட்டும்.

தமிழை வகுப்பறையிலிருந்து விலக்கத் தேவையில்லை. ‘அப்பா பார்க்க’ என்று இயல்பாக வரும் இடத்தில் ஆங்கிலம் ஏன் ஒரு சொல்லைக் கூடுதலாகக் கேட்கிறது என்று தமிழிலேயே விளக்கும் ஆசிரியர், பிழை வரும் இடத்தை முன்கூட்டியே அடைத்துவிடுகிறார். வினையெச்சம் பற்றித் தமிழ் வகுப்பில் படித்தது ஆங்கில வகுப்புக்கும் உதவும். ஒரே பள்ளியில் பக்கத்துப் பக்கத்து வகுப்பில் பாடம் நடத்தும் இரண்டு மொழியாசிரியர்களும் இதைப் பற்றிப் பேசிக்கொள்ள வேண்டும்.

சொல்லைப் பயன்படுத்தும் தேவையையும் உருவாக்க வேண்டும். பள்ளி ஆண்டு விழாவுக்கு யார் எதை ஏற்பாடு செய்தார்கள் என்று மாணவர்களே ஆங்கிலத்தில் அறிக்கை எழுதட்டும். நாற்காலிகளை அடுக்கியவர், ஒலிபெருக்கிக்குச் சொன்னவர், தலைமை விருந்தினர் வந்து சேர வண்டி ஏற்பாடு செய்தவர் என்று அந்த ஒரே அறிக்கையில் ‘அரேஞ்ச்’ தன் எல்லா அமைப்புகளோடும் வரும். ஒரே நாளில் பத்து முறை எழுதவைப்பதைவிட, வாரங்கள் இடைவெளி விட்டு வெவ்வேறு பணிகளில் அதை மீண்டும் மீண்டும் வரவழைப்பது நல்லது.

இவை எதுவும் தேர்வு மாறாமல் நிலைக்காது. தேர்வில் வருவதைத்தான் வகுப்பறை கற்பிக்கும். வாக்கியங்களை வரிசைப்படுத்தச் சொல்லும் வினாவுக்குப் பக்கத்தில், ஒரு வினையைத் தந்து அதை இரண்டு வெவ்வேறு அமைப்புகளில் எழுதச் சொல்லும் வினா ஒன்றையும் பாடத்திட்டக் குழுவினரும் வினாத்தாள் அமைப்பவர்களும் சேர்க்க வேண்டும். ஆங்கிலத்தில் அடிக்கடி வரும் நூறு வினைகளுக்கு அவற்றின் அமைப்புகளையும், தமிழ் மாணவர் தடுமாறும் இடங்களையும் தமிழ் விளக்கத்தோடு தரும் ஒரு சிறு கையேட்டை எட்டாம் வகுப்பு மாணவர் ஒவ்வொருவர் கையிலும் கொடுக்க வேண்டும். அதற்கு வேண்டிய ஆய்வு முடிந்து பல ஆண்டுகள் ஆகின்றன, அகராதிகள் இருக்கின்றன, அனுபவமுள்ள ஆசிரியர்களும் இருக்கிறார்கள். அந்தக் கையேட்டைத் தொகுக்கும் பணியை மாநிலக் கல்வித்துறை இனியும் தள்ளிப்போடக் கூடாது.